உங்களுக்கு இது ஊர், பிள்ளைக்கு இது வெளிநாடு

(தமிழகத்திலிருந்து திரும்பி வந்து இறம்பொடைப் பகுதியில் குடியேறியுள்ள குடும்பங்களுக்கான ஒன்றுகூடலில் எமது தொடர்பாடல் அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இந்த மழைக்குள்ளும் வந்திருக்கிறீர்கள். சிலர் கொழுந்து நிறுத்த கையோடு நேராக வந்ததாகச் சொன்னீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

இங்கே வந்த பிறகு எது பெரிய கஷ்டமாக இருக்கிறது என்று உங்களிடம் வீடு வீடாகக் கேட்டோம். வீடு, வேலை, அடையாள அட்டை என்று சொல்வீர்கள் என எதிர்பார்த்தோம். அவற்றைச் சொன்னீர்கள். ஆனால் கடைசியில், நாங்கள் எழுந்து புறப்படும் நேரத்தில், பல அம்மாமார் குரலைத் தாழ்த்திச் சொன்னது வேறு: "புள்ள ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குது மிஸ்."

அதன் பிறகு பாடசாலைகளுக்குப் போனோம். அங்கே ஆசிரியர்கள் சொன்னது: "இந்தியாவில் இருந்து வந்த பிள்ளைகளைச் சமாளிப்பது கஷ்டம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரைச் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம்."

கஷ்டமான பிள்ளை, கஷ்டமான பெற்றோர். இந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஏனென்றால் நானும் ஒரு காலம் அப்படிச் சொன்னவள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த அமைப்பில் எனக்குத் தொடர்பாடல் வேலை. உங்கள் கையில் இருக்கும் இந்தக் கைந்நூலை எழுதி அச்சுக்குக் கொடுப்பது நான்தான். பிறந்தது இந்த மலைநாட்டு லயத்தில். படித்தது தமிழ் மொழிமூலத்தில். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் எடுக்கும்வரை எனக்கு ஒழுங்காகச் சிங்களம் பேச வராது. பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கக்கூடப் பயந்தவள். பிறகு பயந்து பயந்தே கற்றுக்கொண்டேன். அந்தப் பயம் இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான், திரும்பி வந்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பேச்சுச் சிங்களம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.

அந்த வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். பன்னிரண்டு வயது. பெயரையும் தோட்டத்தையும் சொல்லப் போவதில்லை. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதைச் சொல்லலாம் என்று வீட்டார் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

அவன் கடைசி வாங்கில்தான் உட்காருவான். கேள்வி கேட்டால் முகட்டைப் பார்ப்பான். திருப்பிக் கேட்டால் "தெரியாது" என்பான். மற்றப் பிள்ளைகள் ஒரு சொல்லைச் சேர்ந்து சொல்லும்போது சினிமாப் பாட்டை முணுமுணுப்பான். முன்னால் இருக்கும் பிள்ளையின் வாங்கை உதைப்பான். நாலாவது கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "விருப்பம் இல்லாட்டி வீட்டுலயே இரு" என்று சொன்னேன்.

அவன் சொன்னபடி வீட்டிலேயே இருந்தான். சனிக்கிழமை வகுப்புக்கு மட்டும் அல்ல, பாடசாலைக்கும் போகவில்லை.

மூன்று கிழமை கழித்து அவனுடைய அப்பா வந்தார். வந்தவர் உட்காரவில்லை. "எம்புள்ள அங்க வகுப்புல முதல் மூணு பேருக்குள்ள வந்தவன். இங்க வந்துதான் மக்காயிட்டானா? ஒங்களுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலேன்னு சொல்லுங்க" என்றார். எனக்கும் கோபம் வந்தது. அவர் போன பிறகு என்னுடன் வேலை செய்பவரிடம், "பிள்ளையும் கஷ்டம், தகப்பனும் கஷ்டம்" என்றேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் அவர்கள் லயத்துக்குப் போனேன். அம்மா பிளேன்டீ ஊற்றித் தந்தார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். "நான் அன்னைக்குச் சொன்னது பிழை" என்று அவனுக்குக் கேட்கும்படி சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அப்பா எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். உங்கள் எல்லார் வீட்டிலும் அந்தப் பை இருக்கும். முகாம் அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஊசி போட்ட அட்டை எல்லாம் வைக்கும் பை. அதற்குள்ளிருந்து பையனுடைய தமிழ்நாட்டு மதிப்பெண் அட்டையை எடுத்துக் காட்டினார். நல்ல மதிப்பெண்கள்தான். அறிவியலில் தொண்ணூறுக்கு மேல்.

அதன் பிறகு அவனுடைய இந்த ஊர் விஞ்ஞானக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மரம் பகலில் எந்த வாயுவை வெளியே விடுகிறது என்று கேள்வி. அவன் "ஆக்சிஜன்" என்று எழுதியிருக்கிறான். சிவப்புக் கோடு. மேலே "ஒட்சிசன்" என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் முழுக்க அப்படியே. அவன் எழுதியதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் கொப்பி முழுக்கச் சிவப்பு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பிள்ளை சிங்களத்தில் மட்டும் தோற்கவில்லை. தன் சொந்தத் தமிழிலேயே தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான விசயம் இருக்கிறது. உங்களுக்கு இது ஊர். உங்கள் பிள்ளைக்கு இது வெளிநாடு.

உங்கள் குடும்பங்கள் இந்த மலையை விட்டுப் போன கதை உங்களுக்குத் தெரியும். 1958, 1977, 1981, 1983 என்று ஒவ்வொரு வன்செயலுக்குப் பிறகும் மலைநாட்டில் இருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று ஆட்கள் போனார்கள். அங்கேயும் யுத்தம் துரத்த, கடலைத் தாண்டி மண்டபம் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், திருச்சி கொட்டப்பட்டு என்று தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்குப் பிரிந்து போனார்கள். உங்களில் சிலர் கைக்குழந்தையாகப் போனவர்கள். ஆனாலும் உங்கள் அம்மா இறம்பொடை ஆற்றையும் லபுக்கலைக் குளிரையும் சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பார். நீங்கள் திரும்பி வரும்போது அந்தக் கதைக்குள் வருகிறீர்கள்.

பிள்ளை அப்படி வரவில்லை. அது முகாமில் பிறந்தது. அதன் ஊர் அதுதான். அங்கே அதற்குச் சிநேகிதர் இருந்தார்கள், பள்ளிக்கூடம் இருந்தது, வெயில் இருந்தது. ஒரு நாள் நீங்கள் "நம்ம ஊருக்குப் போகலாம்" என்று சொல்லிக் கூட்டி வந்தீர்கள். இறங்கிப் பார்த்தால் மலை, பனி, அட்டை, புரியாத பாசை. வெளிநாட்டுக்குப் போன பிள்ளை எப்படித் திகைக்குமோ அப்படித் திகைத்து நிற்கிறது. ஆனால் வெளிநாட்டுக்குப் போன பிள்ளையிடம் யாரும் "இது ஒன் சொந்த ஊருதானே, இன்னும் என்ன?" என்று கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

இனி, நீங்கள் செய்யக்கூடியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, தமிழுக்கே ஒரு கொப்பி போடுங்கள்.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத் தமிழும் இலங்கைப் பாடப்புத்தகத் தமிழும் ஒன்றல்ல. இரண்டும் நல்ல தமிழ். ஆனால் கலைச்சொற்கள் தனித்தனியாக வளர்ந்தவை. ஒரு பழைய கொப்பியை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் அங்கே படித்த சொல், வலது பக்கம் இங்கே உள்ள சொல். இப்படி:

அறிவியல் – விஞ்ஞானம்
இயற்பியல் – பௌதிகவியல்
வேதியியல் – இரசாயனவியல்
ஆக்சிஜன் – ஒட்சிசன்
ஹைட்ரஜன் – ஐதரசன்
கார்பன் டை ஆக்சைடு – காபனீரொட்சைட்டு
நுண்ணோக்கி – நுணுக்குக்காட்டி
முடுக்கம் – ஆர்முடுகல்
சுற்றுச்சூழல் – சுற்றாடல்
தேர்வு – பரீட்சை
வகுப்பு – தரம்
நோட்டு – கொப்பி
தலைமை ஆசிரியர் – அதிபர்
டி.சி. – விடுகைப் பத்திரம்

ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். நீங்கள் படிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. "இன்னைக்கு என்ன சொல்லு மாறிச்சு?" என்று கேட்டால் போதும், பிள்ளை சொல்லும். தான் படித்தது வீண் போகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

வரலாற்றுப் பாடத்துக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே இராசராச சோழன் பெருமைக்குரிய மன்னன். இங்கே புத்தகத்தில் அதே சோழர் அநுராதபுர இராச்சியத்தைக் கவிழ்த்த படையெடுப்பாளர். பிள்ளை குழம்பினால் ஏச வேண்டாம். ஒரே சம்பவத்தை இரண்டு கரையில் நின்று எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். பரீட்சைக்கு இந்த ஊர்ப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

இரண்டாவது, சிங்களத்தைப் பற்றிய பயத்தை வீட்டில் வளர்க்காதீர்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. தமிழும் ஆங்கிலமும்தான். ஆகவே உங்கள் பிள்ளைக்குச் சிங்களத்தில் ஓர் எழுத்தும் தெரியாமல் இருப்பது அதன் பிழை அல்ல. ஆனால் இங்கே தமிழ்ப் பாடசாலைகளில் 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரை சிங்களம் இரண்டாம் மொழிப் பாடம். கூடப் படிக்கும் பிள்ளைகள் கடையிலும் பஸ்ஸிலும் காது வழியாகவே பாதியைப் பிடித்திருப்பார்கள். இந்தப் பிள்ளை சுழியத்தில் நிற்கிறது.

நம் பையனுக்கு என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. அவன் பாடசாலைக்குப் போன முதல் கிழமை, குடும்பத்தில் யார் யார் என்று சிங்களப் பாடத்தில் கேட்டிருக்கிறார்கள். சுவரில் ஒரு கிழவர் படம். இவன் தைரியமாக எழுந்து "தாத்தா" என்றிருக்கிறான். வகுப்பே சிரித்தது. சிங்களத்தில் "தாத்தா" என்றால் அப்பா. தாத்தாவுக்குச் "சீயா" என்று சொல்வார்கள். "அய்யா" என்றால் அண்ணன். அன்றைக்கு வாயை மூடியவன்தான். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அவனும் சேர்ந்து சிரித்திருப்பான்.

உண்மையில் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம் எட்டாத மொழி அல்ல. "மம கெதர யனவா" என்றால் "நான் வீட்டுக்குப் போகிறேன்". மம நான், கெதர வீடு, யனவா போகிறேன். நாம் சொல்லும் அதே ஒழுங்கு. பேச்சில் இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். பேச்சுச் சிங்களத்தில் "மம யனவா, ஒயா யனவா, எயா யனவா". எல்லாருக்கும் யனவாதான். அம்மாவும் அக்காவும் அங்கேயும் அம்மாவும் அக்காவும்தான். நம் மொழியைப் போலவே அதற்கும் எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு. அதனால் கடைத்தெருவில் கேட்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒத்துவராது. பிள்ளை இதில் குழம்பும்போது, தமிழிலும் அப்படித்தானே என்று நினைவுபடுத்துங்கள்.

மூன்று வாக்கியங்களை முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். "மட்ட தேருனே நே" – எனக்கு விளங்கவில்லை. "ஆயெத் கியன்ன" – திரும்பச் சொல்லுங்கள். "ஹெமின் கியன்ன" – மெதுவாகச் சொல்லுங்கள். இந்த மூன்றும் வாயில் இருந்தால், "தெரியாது" என்று முகட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பேசாமல் இருக்கும் காலத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய மொழிக்குள் விழுந்த பிள்ளை சில கிழமை, சில வேளை சில மாதம், வாயே திறக்காமல் இருக்கும். உலகம் முழுக்க மொழி ஆசிரியர்களுக்குத் தெரிந்த விசயம் இது. அந்தக் காலத்தில் பிள்ளை சும்மா இருப்பதில்லை, கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நோர்வே, ஜேர்மனி போன்ற நாடுகளில் புதிதாக வந்திறங்கும் பிள்ளைகளுக்கென்று மொழி அறிமுக வகுப்புகளே வைத்திருக்கிறார்கள். கனடாவில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியர், விளையாட்டிலும் கடையிலும் பேசும் மொழி ஏறக்குறைய 2 ஆண்டில் வந்துவிடும், ஆனால் பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதும் அளவுக்கு வர 5 முதல் 7 ஆண்டு எடுக்கலாம் என்று கண்டார். நாமோ ஒரு தவணை முடிவதற்குள் அறிக்கை அட்டையைப் பார்த்து முடிவு கட்டுகிறோம்.

இந்த நேரத்தில் வீட்டில் சொல்லக் கூடாத வசனங்கள் இரண்டு. "படிக்காட்டி கொழும்புக் கடைக்கு அனுப்பிடுவேன்" என்பது ஒன்று. வகுப்பில் தோற்ற பிள்ளைக்கு அது மிரட்டலாகக் கேட்காது, தப்பிக்கும் வழியாகக் கேட்கும். இங்கே பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பாடசாலையை விட்ட பிள்ளைகள் எப்படிப் போனார்கள் என்று உங்கள் பக்கத்து லயத்தாரிடம் கேளுங்கள். நம் பையனும் வீட்டில் இருந்த அந்த மூன்று கிழமையில், கொழும்பில் வேலை செய்யும் மாமாவிடம் போகிறேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். 5 முதல் 16 வயதுவரை பாடசாலைக் கல்வி இந்த நாட்டில் கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாவது வசனம், "அந்தப் புள்ளையப் பாரு, எப்படிப் பேசுது" என்பது. அந்தப் பிள்ளை இங்கே பிறந்தது.

நான்காவது, ஆசிரியரைக் கோபம் வருவதற்கு முன்பே போய்ப் பாருங்கள்.

நம்மில் பெரும்பாலானோர் பாடசாலைக்கு இரண்டே நாள்தான் போகிறோம். சேர்க்கும் நாள், சண்டை போடும் நாள். இதற்குக் காரணமும் உண்டு. ஒரு காலைப் பொழுது பாடசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், சம்பளம் வெட்டுப்படும். அதனால் பிள்ளைகளை விடும் நேரத்தையோ, பின்னேரத்தையோ கேட்டு வாங்குங்கள். பெற்றோர் கூட்டம் மாலையில் நடந்தால்தான் தோட்டத்து ஆட்கள் வரலாம் என்று அதிபரிடம் சொல்லுங்கள். நாங்களும் சொல்கிறோம்.

போகும்போது அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோங்கள். மதிப்பெண் அட்டையையும் அங்கே படித்த பழைய புத்தகம் இருந்தால் அதையும் காட்டுங்கள். ஆசிரியருக்கு அந்த நாட்டுப் பாடம் எப்படி என்று தெரியாது. நீங்கள் காட்டினால்தான் தெரியும்.

எப்படிப் பேசுவது என்று பல அம்மாமார் கேட்டீர்கள். இப்படித் தொடங்கலாம்: "டீச்சர், எம்புள்ள தமிழ்நாட்டுல ஆறாம் வகுப்பு வரைக்கும் படிச்சது. அங்க சிங்களம் இல்ல. பாடத்துல சொல்லுங்களும் வேற. வீட்டுல இந்தக் கொப்பி எழுத வைக்கிறோம். நீங்க எதையாவது முதல்ல படிக்கச் சொன்னா அதைப் பார்த்துக்கிறோம்." இதில் குற்றச்சாட்டு இல்லை. கெஞ்சலும் இல்லை. பிள்ளை எங்கிருந்து வருகிறது, வீட்டில் என்ன செய்கிறீர்கள், ஆசிரியரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், மூன்றும் இருக்கிறது.

கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள். முன் வாங்கில் உட்கார வையுங்கள். ஒரு தவணைக்கு "ஆக்சிஜன்" என்று எழுதினால் சரி போட்டு, பக்கத்தில் இந்த ஊர்ச் சொல்லை எழுதிவிடுங்கள். எல்லாருக்கும் முன்னால் சிங்களத்தில் வாசிக்கச் சொல்வதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். இப்படி ஏதாவது ஒன்று. பெரிய வகுப்பை வைத்துக்கொண்டு, பஸ் ஏறி வந்து, பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு ஒன்றைச் செய்வது முடியும். பத்தைச் சொன்னால் ஒன்றும் நடக்காது. "எம்புள்ள அங்க முதல் பிள்ளை" என்பதை முதல் வசனமாகச் சொல்ல வேண்டாம். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆசிரியர் காதில், "நீதான் கெடுத்தாய்" என்று விழும். எனக்கு அப்படித்தான் விழுந்தது.

ஐந்தாவது, ஆசிரியர் பக்கம் பிழை இருந்தால் என்ன செய்வது?

எல்லாவற்றையும் பொறுத்துப் போகச் சொல்லி நான் வரவில்லை. பிள்ளையை அடித்தாலோ, "அகதி" என்று வகுப்பில் கூப்பிட்டாலோ, சேர்க்க மறுத்தாலோ நீங்கள் கேட்க வேண்டும். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை சொல்கிறது. தமிழ் மொழிமூலம் படிப்பது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தரும் உரிமை. முதலில் வகுப்பாசிரியர், பிறகு அதிபர், அதன் பிறகு வலயக் கல்விப் பணிமனை என்று படிப்படியாகப் போங்கள். போன திகதியையும் பேசியவரையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் படி எதுவும் பார்க்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

இந்தியாவில் பிறந்த பிள்ளையின் குடியுரிமைப் பதிவு முடியவில்லை என்பதற்காகவும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பதிவு ஒரு பக்கம் நடக்கட்டும், பாடசாலை ஒரு பக்கம் நடக்கட்டும். அதிபர் தயங்கினால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து போய்ப் பேசுவோம். பதிவு பற்றிய விவரம் இந்தக் கைந்நூலின் ஆவணங்கள் பகுதியில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பிள்ளை கொஞ்சம் சிங்களம் கற்றதும் அதையே வீட்டு மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடுகிறோம். கடைக்குப் போகச் சொல்லலாம், பஸ் பெயர் கேட்கச் சொல்லலாம். அது நல்ல பழக்கம். ஆனால் ஆசுபத்திரியில் அம்மாவின் நோயையும் பொலிசில் அப்பாவின் பிரச்சினையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது. அந்தப் பாரம் அதற்கு அதிகம். தமிழும் அரச மொழிதான். அலுவலகத்தில் தமிழில் பேசவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. 2007 யூலைக்குப் பின் அரச சேவைக்கு வருபவர்கள் மற்ற அரச மொழியையும் கற்றுத் தேற வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர்களும் நம் பிள்ளைகளைப் போலத் தட்டுத் தடுமாறிக் கற்கிறார்கள். தமிழும் சிங்களமும் இரண்டும் கைவந்த பிள்ளைக்கு நாளைக்கு அந்த வேலைகளில் இடம் இருக்கிறது என்பதையும் வீட்டில் பேசுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். நான் மன்னிப்புக் கேட்ட அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை வந்தான். அவனிடம் சிங்களம் எதுவும் கேட்கவில்லை. அவனுடைய இரண்டு ஊர்த் தமிழையும் ஒரு கொப்பியில் எழுதித் தரச் சொன்னேன். எனக்கே அந்தச் சொற்கள் தெரியாது, நீதான் சொல்லித்தர வேண்டும் என்றேன். அது உண்மையும்கூட. அவன் எழுதத் தொடங்கினான். நான் உங்களுக்கு வாசித்த பட்டியல் அவன் கொப்பியில் இருந்து எடுத்ததுதான். அவனுடைய அப்பா அந்தக் கொப்பியைக் கொண்டுபோய் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டினார். இந்த முறை அவர் உட்கார்ந்து பேசினார். ஆசிரியர் அதை ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது அவன் பெரிய சூரன் ஆகிவிடவில்லை. சிங்களப் பாடத்தில் இன்னும் குறைந்த புள்ளிதான். கேள்வி கேட்டால் இன்னும் முதலில் முகட்டைத்தான் பார்க்கிறான். ஆனால் கொஞ்சம் பொறுத்தால் பதில் வருகிறது. நான் பொறுக்கப் பழகிவிட்டேன். போன மாதம் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக ஒரு சின்னப் பிள்ளை வகுப்புக்கு வந்தது. யாரும் சொல்லாமலே அவன் எழுந்து போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க தாத்தான்னா அப்பா, தெரியுமா?" என்றான். இரண்டும் சிரித்தன.

சனிக்கிழமை வகுப்பு தொடர்ந்து நடக்கிறது. பிள்ளையை அனுப்புங்கள். கூட ஒரு பழைய கொப்பியையும் கொடுத்து அனுப்புங்கள். பாதி எழுதியதாக இருந்தாலும் பரவாயில்லை. பெரியவர்கள் வந்து பின் வாங்கில் உட்கார்ந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அங்கே இடம் இருக்கிறது.